தமிழ்த் தாத்தாவும் தந்தையாரும்

டாக்டர் உ. வே. சாமிநாதையர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன ஓலைச்சுவடிகளே. சீவக சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் புறநானூறும் கறையான் வாய்க்குத் தப்பி அச்சேறிய வரலாற்றைப் பள்ளி நாள் முதலே படித்து வருகிறோம். இலக்கிய மன்ற மேடைகளிலும் கேட்டு வருகிறோம். ஆயினும் அப்பெருமகனார் வளர்ந்த குடும்பம் எத்தகையது, அது எவ்வாறு உண்டு உடுத்து வாழ்ந்தது, எதை விட்டுக்கொடுத்து அவரைத் தமிழுக்கு அளித்தது என்பனவற்றை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. நம் தஞ்சைத் தரணியில் பிறந்து, நாம் குடிக்கும் அதே காவிரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர் அவர். அவருடைய இளமையைப் பற்றியும், அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையரைப் பற்றியும் இக்கட்டுரையில் சில கூற விழைகிறேன்.

ஊரும் பேரும்

பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம் அவர்களுடைய ஊர். தஞ்சையை ஆண்ட அரசர் ஒருவர் ஏகாதசி விரத நாளில் மறந்துபோய்த் தாம்பூலம் தரித்துவிட்டார் என்றும், அதற்குக் கழுவாயாக வீடுகளும் நிலங்களும் அமைத்துத் தானம் செய்த ஊரே உத்தமதானபுரம் ஆயிற்று என்றும் வழிவழியாகச் சொல்வதுண்டு.

வேங்கடசுப்பையருக்கும் சரசுவதி அம்மாளுக்கும் மகனாக, தாய்வழிப் பாட்டனார் ஊராகிய சூரியமூலையில், 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் அவர் பிறந்தார். இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் வழங்கிய பெயர் சாமிநாதன். சுவாமிமலை முருகனின் பெயரான அதுவே பின்னாளில் நிலைத்துவிட்டது. ஊர்ப் பெயரின் உகரமும் தந்தையார் பெயரின் வேகாரமும் முன்னே சேர்ந்து, உ. வே. சா. என்னும் மூன்றெழுத்தாயின. அந்த மூன்றெழுத்தின் நடுவிலே தந்தையார் இருக்கிறார். அவர் வாழ்க்கையிலும் அவ்வாறே இருந்தார்.

வீட்டில் இருந்த செல்வம்

வேங்கடசுப்பையருக்குப் பெரிய நிலபுலம் கிடையாது. அவருடைய செல்வம் சங்கீதம். உடையார்பாளையம் சமஸ்தானத்தில் புகழோடு விளங்கிய கனம் கிருஷ்ணையர் அவருக்கு உறவினர். அவரிடம் தங்கிப் பணிவிடை செய்து, அவருடைய கீர்த்தனங்களை முறையாகக் கற்றவர் வேங்கடசுப்பையர். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனங்களைப் பாடி இராமாயணப் பிரசங்கம் செய்வதே அவருடைய தொழில். கதை நடக்கும் ஊரில் மக்கள் மனமுவந்து அளிக்கும் தானியமும் பணமும் கொண்டே அக்குடும்பம் நடந்தது.

அத்தகைய வீட்டில் பிறந்த பிள்ளைக்குச் செவியில் சுரம் ஏறுவது வியப்பன்று. சாமிநாதருக்கும் இயல்பாகவே நல்ல இசையுணர்வு இருந்தது. தாம் அறிந்த கீர்த்தனங்களைத் தந்தையார் மகனுக்குக் கற்பித்தார். மகனும் ஒரு சங்கீத வித்துவானாக வேண்டும் என்பதே அவருடைய ஆசை. அது வெறும் ஆசை மட்டுமா? குடும்பத்தின் பிழைப்பும் அதில் அடங்கியிருந்தது. தந்தையோடு மகனும் உடன் பாடினால் கதை சிறக்கும், வருவாய் பெருகும், தந்தைக்கு வயதானபின் தொழிலை மகன் ஏற்று நடத்துவான். இன்றைக்கும் உழவர் வீட்டிலும் கொல்லர் வீட்டிலும் பெற்றோர் இவ்வாறுதானே எண்ணுகிறார்கள்?

கொள்ளிடத்துக்கு அக்கரை

ஆனால் பிள்ளையின் மனமோ பாட்டின் இசையோடு நில்லாமல், அதன் சொல்லிலும் பொருளிலும் போய்ப் படிந்தது. அரியலூரில் சடகோபையங்கார் என்பவரிடம் படித்தபோது இந்த ஆர்வம் தளிர்த்தது. அவர் தமிழும் சங்கீதமும் ஒருங்கே வல்லவர். ஒரே ஆசிரியரிடம் இரண்டையும் கேட்ட சிறுவரை, தமிழ் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

இதைத் தந்தையார் கண்டுகொண்டார். கண்டதோடு நில்லாமல், மகனுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊரில் தம் கதையை வைத்துக்கொள்ளத் தொடங்கினார். குன்னத்தில் ஒரு காலம், கார்குடியில் ஒரு காலம், செங்கணத்தில் ஒரு காலம் என்று அக்குடும்பம் மாறி மாறி வாழ்ந்தது. இவையெல்லாம் கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள ஊர்கள். வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவர்கள் காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்து, வரகும் கம்பும் விளையும் வானம் பார்த்த பூமிக்குச் சென்றார்கள். செல்லும் வழியோ பெரும்பாலும் நடைவழி. கிடைத்தால் மாட்டு வண்டி.

அன்னையார் சரசுவதி அம்மாளின் நிலையை நாம் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் ஊரில் அடுப்பு மூட்டி, அக்கம்பக்கத்தாரோடு பழகி, வீடு வீடாக அமைவதற்குள் அடுத்த ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். புலம்பெயர்ந்து வாழ்வது ஆண்களுக்குப் பயணம். பெண்களுக்கு அது ஒவ்வொரு முறையும் புதிதாகக் குடித்தனம் தொடங்குவது. சாமிநாதரின் கல்வியில் அவ்வன்னையாரின் பங்கை யாரும் அளந்து சொல்ல இயலாது.

இவ்வாறு ஊர்மாறிய நாட்களில் கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூலையும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகையையும் சாமிநாதர் கற்றார். இடையே 1868ஆம் ஆண்டில், பதின்மூன்றாம் வயதிலேயே, அக்கால வழக்கப்படி அவருக்கு மதுராம்பாளோடு திருமணமும் நடந்தது. குடும்பச் சுமை கூடிற்று. தமிழ் படித்து என்ன பயன் என்று உற்றாரும் மற்றோரும் கேட்கத் தொடங்கினர். ஆங்கிலம் படித்தால் இவ்வுலகில் வாழலாம். வடமொழி படித்தால் அவ்வுலகுக்கு ஆகும். தமிழ் இரண்டுக்கும் உதவாது என்பது அன்றைய அறிவுரை. எந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கும் என்று நம்மிடம் கேட்பவர்களைப் போல்தான் அவர்களும் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தவறில்லை. அந்த வீட்டில் நாளைய அரிசிக்கே இன்றைக்குக் கதை சொல்ல வேண்டியிருந்தது.

மாயூரம்

தம்மால் இதற்கு மேல் சொல்லித்தர இயலாது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமே இவரை அனுப்ப வேண்டும் என்று வழிகாட்டியவர் விருத்தாசல ரெட்டியார். தமக்குத் தெரிந்த அளவைத் தாமே சொல்லிவிட்டு விலகி நின்ற அந்தப் பெருந்தன்மையும் போற்றத் தக்கதே. 1871ஆம் ஆண்டில் வேங்கடசுப்பையர் மகனை அழைத்துக்கொண்டு மாயூரம் சென்றார். அப்போது சாமிநாதருக்கு வயது பதினாறு.

பலர் வருகிறார்கள், சில நாள் படிக்கிறார்கள், பிறகு சொல்லாமல் போய்விடுகிறார்கள் என்பது பிள்ளையவர்களின் மனக்குறை. அந்தத் தயக்கத்துக்கு எதிரே, மகனை முழுமையாக அவர் கையில் ஒப்படைத்துவிட்டார் தந்தையார். உணவுக்கும் உறைவிடத்துக்கும் தாமே ஏற்பாடு செய்தார். தொழிலில் துணையாக வரவேண்டிய ஒரு பிள்ளையை மற்றொரு கலைக்குக் கொடுத்துவிட்டு, அதற்கான செலவையும் தாமே ஏற்றுக்கொண்டு ஊர் திரும்பிய அத்தந்தையை நினைக்கும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

இரு கலைகளுக்கு நடுவே

எனினும் வேங்கடசுப்பையருக்குச் சங்கீத ஆசை அடியோடு போய்விடவில்லை. அந்நாளில் மாயூரத்தில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்து வந்தார். தமிழ் ஒரு பக்கம் இருக்க, பாரதியாரிடம் மகன் இசையும் பயிலட்டும் என்று தந்தையார் விரும்பினார். சாமிநாதரும் சென்று பயின்றார். ஆனால் பிள்ளையவர்களுக்கு இது உவப்பாக இல்லை. இசையில் மனம் போனால் இலக்கியப் பயிற்சி குறைந்துவிடும் என்பது அவருடைய எண்ணம். ஆசிரியரின் கருத்தறிந்த மாணவர் அன்றோடு இசைப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார்.

அந்த இரு பெரியவர்களுக்கும் இடையே நடந்த மற்றொரு செய்தியும் உண்டு. நந்தனார் சரித்திரத்துக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டிப் பாரதியார் பலமுறை பிள்ளையவர்களிடம் வந்து போனார். நூலில் உள்ள இலக்கண வழுக்களை நினைத்துப் பிள்ளையவர்கள் நாள் கடத்தினார். ஒரு நாள் பாரதியார் பாடக் கேட்டு உள்ளம் உருகிப் பாயிரம் எழுதிக் கொடுத்தார். சொல்லிலக்கணம் பார்த்தவரையும் இசை வென்றது. அத்தகைய இரண்டு ஆற்றல்களுக்கு நடுவில் நின்று, ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றை விட வேண்டியிருந்தது ஒரு பதினாறு வயது இளைஞருக்கு.

பின்னர் ஆசிரியரோடு பட்டீச்சுரம், திருவாவடுதுறை என்று பல ஊர்களுக்கும் சாமிநாதர் சென்றார். 1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் மறையும் வரை அவரைப் பிரியவில்லை. அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் பாடம் கேட்டும், பாடம் சொல்லியும் வந்தார்.

கும்பகோணம்

1880ஆம் ஆண்டு பிப்ரவரியில், தியாகராச செட்டியார் ஓய்வு பெற்ற இடத்தில், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக அவர் அமர்ந்தார். சம்பளம் மாதம் 50 ரூபாய். ஊர் ஊராகச் சுற்றிய அக்குடும்பத்துக்கு முதன்முதலாக மாதந்தோறும் தவறாத வருவாய் கிடைத்தது. தமிழ் எதற்கு உதவும் என்று கேட்டவர்களுக்கு அதுவே விடை.

அதே ஆண்டு அக்டோபரில் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்ததும், அவர் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டதும், அதற்காகக் கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று அவர்கள் சமயக் கொள்கைகளைக் கேட்டறிந்ததும், 1887இல் அந்நூல் வெளிவந்ததும் நாம் அறிந்தவை. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று நூல்கள் தொடர்ந்தன. விடுமுறை வந்தால் போதும்; சுவடி தேடிப் புறப்பட்டுவிடுவார். ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்ட ஏடுகளைப் பற்றிக் கேட்டு மனம் வெதும்பினார். ஆனாலும் அடுத்த ஊருக்கு நடந்தார். தெரியாத ஊரில் தெரியாத வீட்டுத் திண்ணையில் தயங்காமல் போய் அமரும் பழக்கம், தந்தையாரின் பின்னே சிறுவராய்ச் சுற்றிய நாட்களில் அவருக்கு வந்தது என்றே நான் கருதுகிறேன்.

வீண்போகாத சங்கீதம்

இனி ஒன்று கேட்கலாம். தந்தையார் ஊட்டிய சங்கீதம் வீணாயிற்றா? பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு இராது. பாட்டும் உரையும் இடைவெளியின்றி ஒன்றாய் ஓடும். பாட்டு எங்கே தொடங்குகிறது, அடி எங்கே முடிகிறது, எங்கே ஒரு சீர் சிதைந்திருக்கிறது என்பதைக் கண் மட்டும் காட்டாது. செவியும் காட்ட வேண்டும். யாப்பிலக்கணம் கற்ற புலவர்கள் பலர் இருந்தார்கள். அதோடு கனம் கிருஷ்ணையரின் கீர்த்தனங்களில் ஊறிய செவியும் வாய்த்தவர் இவர்.

அதுமட்டுமன்று. முதுமையில் அவர் கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகிய மூன்று இசைப் பெரியார்களின் வரலாறுகளை எழுதினார். தந்தையாரின் ஆசிரியரையும், தாம் பாதியில் விட்டுவந்த ஆசிரியரையும் அவர் மறக்கவில்லை. தந்தையாருக்குச் செலுத்த வேண்டிய கடனை இசையாகச் செலுத்த முடியாவிட்டாலும் எழுத்தாகச் செலுத்திவிட்டார்.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம், 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டம், 1919இல் ஓய்வு, 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் என்று சிறப்புகள் வந்தன. தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதிவந்த நிலையில், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் அவர் இயற்கை எய்தினார். உத்தமதானபுரத்தில் அவர் இல்லம் இன்று நினைவில்லமாக உள்ளது.

நமக்கு

நம் கல்லூரியில் பயிலும் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள். நானும் அவர்களுள் ஒருவன். நம் பெற்றோர் நமக்காக ஊர் மாறியிராமல் இருக்கலாம். ஆனால் நடவுக்கும் அறுவடைக்கும் ஒரு கை குறைகிறது என்று தெரிந்தே நம்மைக் காலைப் பேருந்தில் ஏற்றி அனுப்புகிறார்கள். வேங்கடசுப்பையர் இராமாயணக் கதை சொல்லிப் பிழைத்தவர். சங்க நூல்களைப் பதிப்பித்தவர் அல்லர். ஆயினும் தாம் விரும்பிய கலையை மகன்மேல் சுமத்தாமல், மகன் விரும்பிய கலைக்குத் தாம் நடந்தார். அந்த நடை இல்லையேல் நமக்குப் புறநானூறு எப்போது கிடைத்திருக்குமோ, யாரறிவார்?

தமிழ்த் தாத்தாவின் பிறந்தநாளில் அவர் படத்துக்கு மாலையிடும்போது, படத்தில் இல்லாத அந்தத் தந்தையையும் தாயையும் ஒரு கணம் நினைப்போம். மாலையில் வீடு திரும்பியதும், நம் படிப்பு எவ்வாறு நடக்கிறது என்பதை நம் பெற்றோருக்குப் புரியும் சொற்களில் சொல்வோம். அவர்கள் நமக்காக நடந்த வழியில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

வாழ்க தமிழ்! வளர்க நம் கல்லூரி!