40 வயதை நெருங்கும்போது மாணவர், 89 வயது வரை ஆசிரியர்: யார் இந்த மெஹ்லி மேத்தா?

ஜூபின் மேத்தா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், இஸ்ரேல் என உலகின் பெரிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ராக்களை வழிநடத்திய மும்பைக்காரர். ஆனா, அவருக்கு முதல்ல இசை சொல்லிக்கொடுத்தது யாருன்னு கேட்டா பலருக்குத் தெரியாது.

அது அவருடைய அப்பா மெஹ்லி மேத்தா. வயலின் கலைஞர், கண்டக்டர், ஆசிரியர். தான் வாசிக்க ஆசைப்பட்ட ஆர்கெஸ்ட்ரா ஊரில் இல்லை என்பதால், அதைத் தானே உருவாக்கியவர்.

ஆர்கெஸ்ட்ரா இல்லாத ஊரில்

1908 செப்டம்பர் 25 அன்று பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் மெஹ்லி பிறந்தார். மேற்கத்திய இசையைத் தொழில்முறையாகக் கற்றுத்தரும் பெரிய கல்லூரி எதுவும் அப்போது அங்கே கிடையாது. வயலினைப் பெரும்பாலும் சொந்த முயற்சியில்தான் கற்றுக்கொண்டார்.

வயலினைத் தனியாகக்கூட வாசிக்கலாம். சிம்பொனிக்கு அது போதாது. நம்ம ஊர்ல ஆர்கெஸ்ட்ரான்னா கல்யாண ரிசப்ஷன்ல பாடுற மெல்லிசைக் குழுதான் ஞாபகம் வரும். சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வேற ரகம். வயலின், செல்லோ, புல்லாங்குழல், ஓபோ, ட்ரம்பெட் என 80, 100 பேர்கூட ஒன்றாக உட்கார்ந்து, எழுதிவைத்த இசையை வாசிப்பார்கள். ஒரே ஒரு ஓபோ கலைஞர் வரவில்லை என்றாலும், அவருக்கான பகுதி அப்படியே காலியாக நிற்கும்.

1935-ல் பம்பாய் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை மெஹ்லி தொடங்கியபோது, இப்படி ஒவ்வொரு கருவிக்கும் ஆள் தேட வேண்டியிருந்தது. வேலை முடிந்து வந்து வாசிக்கும் பார்சிகள், இசையே பிழைப்பாக இருந்த கோவா கலைஞர்கள், கடற்படை பேண்டைச் சேர்ந்தவர்கள் என்று பல இடங்களிலிருந்து ஆட்களைச் சேர்த்தார். 1940-ல் நான்கு பேர் கொண்ட பம்பாய் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டையும் தொடங்கினார்.

வீட்டிலும் எப்போதும் இசைதான். 1936-ல் பிறந்த ஜூபினும், 1938-ல் பிறந்த ஜரினும் அப்பாவின் ஒத்திகைகளைக் கேட்டே வளர்ந்தார்கள்.

மீண்டும் மாணவனாக

1945-ல் மெஹ்லி ஒரு பெரிய முடிவு எடுத்தார். பம்பாயில் அவர் அப்போதே பெயர் பெற்ற வயலின் கலைஞர். ஆனா, தன்னுடைய வாசிப்பில் எங்கே குறை இருக்கிறது என்று சொல்ல அங்கே அவருக்கு ஆசிரியர் இல்லை. மனைவி தெஹ்மினாவையும் இரண்டு மகன்களையும் பம்பாயில் விட்டுவிட்டு, நியூயார்க் போய் இவான் கலாமியன் என்ற ஆசிரியரிடம் மாணவராகச் சேர்ந்தார். பின்னாளில் இட்சாக் பெர்ல்மன் போன்ற நட்சத்திரங்களுக்கு வயலின் கற்றுக்கொடுத்தவர் இந்தக் கலாமியன்.

வீடியோ கால் இல்லாத காலம். பெரிய மகனுக்கு 9 வயது. சில ஆண்டுகள் அப்பா இல்லாமல்தான் அந்த வீடு ஓடியது. குடும்பத்தைப் பார்த்துக்கொண்டவர் தெஹ்மினா. மெஹ்லியின் பிற்கால வாழ்க்கைக்கு அடித்தளம் போட்டது இந்தப் படிப்பு என்றால், அதற்கான விலையில் ஒரு பங்கை அவரும் கொடுத்திருக்கிறார்.

கற்றதோடு மெஹ்லி பம்பாய் திரும்பி, மறுபடியும் ஆர்கெஸ்ட்ராவைக் கையில் எடுத்தார். பதின்ம வயது ஜூபின் அங்கேதான் ஒத்திகைகளில் உதவி, ஆர்கெஸ்ட்ரா எப்படி இயங்குகிறது என்பதைக் கற்றார். 1954-ல் மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு, கண்டக்டிங் படிக்க வியன்னாவுக்குக் கிளம்பினார்.

மான்செஸ்டர், ஃபிலடெல்ஃபியா, லாஸ் ஏஞ்சலஸ்

அடுத்த ஆண்டே அப்பாவும் கிளம்பினார். இசையை மட்டுமே நம்பி முழுநேரத் தொழில்முறைக் கலைஞராக வாழ, அன்றைய பம்பாயில் போதுமான இடம் இல்லை. 1955-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் உள்ள புகழ்பெற்ற ஹாலே ஆர்கெஸ்ட்ராவில், ஜான் பார்பிரோலியின் கீழ் வயலின் வாசிக்கச் சேர்ந்தார். சொந்த ஊரில் ஆர்கெஸ்ட்ராவையே தொடங்கியவர், இங்கே இன்னொருவரின் கைக்கோலைப் பார்த்து வாசிப்பவர்களில் ஒருவர். 1959-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய், கர்ட்டிஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டில் 5 ஆண்டுகள் வாசித்தார்.

இதற்கிடையே 1962-ல் ஜூபின், லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மானிக்கின் இசை இயக்குநர் ஆனார். 1964-ல் மெஹ்லியும் அதே நகரத்துக்கு வந்து, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஆர்கெஸ்ட்ரா துறையை ஏற்றார். அப்போது அவருக்கு 50 வயது எப்போதோ கடந்திருந்தது.

வாசிக்க ஒரு மேடை

அதே 1964-ல் அமெரிக்கன் யூத் சிம்பொனியைத் தொடங்கினார். இசைக் கல்லூரியில் படித்து முடிக்கிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு: ஆர்கெஸ்ட்ராவில் வேலை வேண்டுமென்றால் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்த அனுபவம் கேட்பார்கள். ‘ஃப்ரெஷர்’னு விண்ணப்பிச்சு அலைஞ்சவங்களுக்கு இந்தக் கஷ்டம் நல்லாவே புரியும். படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளியை நிரப்பியது இந்தக் குழு. இளைஞர்கள் கட்டணமில்லாமல் பயிற்சி பெற்று, பெரிய சிம்பொனிகளை மேடையில் வாசித்தார்கள். அங்கிருந்து பலர் அமெரிக்காவின் தொழில்முறை ஆர்கெஸ்ட்ராக்களுக்குப் போனார்கள்.

1976-ல் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்றாலும் யூத் சிம்பொனியை அவர் விடவில்லை. 1998 வரை 33 ஆண்டுகள் அதன் கண்டக்டராக இருந்து, 89 வயதில்தான் விலகினார். 2002 அக்டோபர் 19 அன்று லாஸ் ஏஞ்சலஸில் தன் 94-வது வயதில் காலமானார். மூத்த மகன் கண்டக்டர் என்றால், இளைய மகன் ஜரின் நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கின் நிர்வாகத் தலைவராக உயர்ந்தார்.

இன்று என்ன மிச்சம்?

ஆர்கெஸ்ட்ரா என்பது ஆளும் பணமும் தொடர்ந்து தேவைப்படும் ஒன்று. யூத் சிம்பொனிகூட 2024-ல் மூடப்பட்டது. மும்பையில், இந்தியாவின் முழுநேரத் தொழில்முறை ஆர்கெஸ்ட்ராவான சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா தொடங்கியது 2006-ல்தான். மெஹ்லியின் முதல் முயற்சிக்கு 71 ஆண்டுகள் கழித்து! அதிலும் வெளிநாட்டுக் கலைஞர்கள் நிறைய பேர் வாசிக்கிறார்கள். மெஹ்லி சந்தித்த ஆள் பற்றாக்குறை இன்னும் முழுசா தீரலை.

அது தீர வேண்டுமென்றால் சின்ன வயதிலேயே கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த வேலையைத்தான், அவர் பெயரில் 1995-ல் மும்பையில் தொடங்கப்பட்ட மெஹ்லி மேத்தா மியூசிக் ஃபவுண்டேஷன் செய்கிறது. அவருக்குச் சின்ன வயசுல கிடைக்காத வகுப்பு, இன்று அவர் பிறந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது.