நீலகிரியில் கணக்கெழுதிய ரெட்டமலையார்

நம் நீலகிரியில் வெள்ளையர் வணிக நிறுவனங்களில் கணக்கராக வேலை பார்த்தவர் ரெட்டமலை சீனிவாசன். 1890இல் சென்னைக்குப் போனார். இழிவாகச் சொல்லப்பட்ட சாதிப் பெயரையே தலைப்பாக்கி, 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து திரும்பியவர், 1923இல் சென்னை மாகாணச் சட்டசபை உறுப்பினரானார்.

மறுஆண்டே அங்கே தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுத் தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாச் சாதியாருக்கும் பொது. தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது. அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் கறுப்பின மக்கள் பேருந்து இருக்கைக்காகப் போராடியது 1955இல்தான்.

லண்டன் வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கருடன் நின்று தனி வாக்காளர் தொகுதி கேட்டார். 1945இல் மறைந்தார்.

மாணவத் தோழர்களே, இன்றும் நம் மக்களுக்குத் தெருவை மறிக்கும் ஊர்கள் உண்டு. அங்கே நாம் கேட்பது, நூறாண்டுக்கு முன்பே அவர் வாங்கித் தந்ததைத்தான்.