புதுக்கோட்டையில் பிறந்த வைத்தியர்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் கற்கும் மாணவி ஒருவரிடம் எதிர்கால இலட்சியம் என்னவென்று கேட்டால், வைத்தியராவதே என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் இந்தப் பதிலைச் சொல்லும் பிள்ளைகள் பலர். ஆனால், படிப்பு முடியும் முன்பே பெண்பிள்ளையின் கல்வி போதும் என்று முடிவெடுக்கும் வீடுகளும் இன்னும் இருக்கின்றன. நூறு வருடங்களுக்கு முன்னர் இதே கனவோடு வாழ்ந்த ஒரு பெண்ணின் கதையை மாணவிகளும் பெற்றோரும் சேர்ந்து அறிவது நல்லது.

மலையகத் தோட்டங்களில் வாழும் பலரின் மூதாதையர் திருச்சி, மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அந்தப் புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்விமான். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். சமூகம் தாழ்வாகப் பார்த்த ஒரு பின்னணியிலேயே அவருடைய வாழ்க்கை ஆரம்பமானது.

பருவமடைந்ததும் முத்துலட்சுமி பாடசாலையிலிருந்து நிறுத்தப்பட்டார். அக்கால வழக்கம் அது. தாய் அவருக்கு வரன் தேட விரும்பினார். தந்தையோ வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். வீட்டுக்குள் இருந்தபடியே படித்து மெட்ரிக்குலேஷன் பரீட்சையில் அவர் சித்தியடைந்தார்.

அடுத்த தடை பெரியது. மேற்படிப்புக்கு ஊரில் இருந்தது ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரி மட்டுமே. ஒரு பெண் அங்கே வந்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்று எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி வழங்கினார். அந்த வகுப்பறையில் கற்றுத் தேறியதால்தான் மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் தகுதி அவருக்குக் கிடைத்தது.

1907இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பெண்கள் படிப்பது புதிதல்ல. 1875இலேயே மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்கள் அங்கு சேர்ந்திருந்தனர். எனினும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு அது எளிதான பாதையாக இருக்கவில்லை. 1912இல் சிறப்பாகச் சித்தியடைந்து வைத்தியரானார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பவை அவர் முன்வைத்த நிபந்தனைகள்.

வைத்தியராகிவிட்டோம், இனி வசதியாக வாழலாம் என்று அவர் இருந்துவிடவில்லை. 1925இல் இலண்டன் சென்று மேற்படிப்புப் பயிற்சி பெற்றார். திரும்பிய பின்னர் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவரும் ஆனார். பெண்களின் திருமண வயதை உயர்த்தவும், தேவதாசி முறையை ஒழிக்கவும் அங்கே போராடினார். முஸ்லிம் மாணவிகள் தங்கிப் படிக்க ஒரு விடுதி அமையவும் முயன்றார். காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930இல் பதவியைத் துறந்தார். தேவதாசி முறையை முற்றாகத் தடுக்கும் சட்டம் 1947இல் நிறைவேறியது.

அந்த முறையிலிருந்து தப்பி வந்த சிறுமிகள் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேறு விடுதிகள் முன்வரவில்லை. தன் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். ஆதரவற்ற பெண்பிள்ளைகள் தங்கிக் கற்கும் ஔவை இல்லம் அப்படித்தான் பிறந்தது.

அவருடைய தங்கை இளவயதிலேயே புற்றுநோயால் இறந்தார். வைத்தியராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துயரத்தை அவர் மறக்கவில்லை. அன்று புற்றுநோய் என்றாலே மரணம் என்று பலர் நம்பினர். அதற்கெனத் தனி மருத்துவமனை எதற்கு என்று கேட்டோரும் இருந்தனர். அவர் பல வருடங்கள் முயன்று நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பணியை ஆரம்பித்தது. அப்போது அவருக்கு 67 வயது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பின்னர் டாக்டர் சாந்தாவும் அந்தப் பணியை வளர்த்தனர். இன்றும் ஏழை நோயாளிகள் அங்கே சிகிச்சை பெறுகின்றனர்.

1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் திகதி காலமானார்.

முத்துலட்சுமியின் திறமையும் உழைப்பும் அவருடையவை. ஆனால் மகளின் படிப்பை நிறுத்தாத ஒரு தந்தையும், கல்லூரிக் கதவைத் திறந்துவிட்ட ஒரு மன்னரும் இல்லாவிட்டால் அந்தத் திறமை வீட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கும். பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே.

மாணவிகளுக்கும் ஒரு செய்தி உண்டு. வருத்தத்தை ஆண் வைத்தியரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, முற்றும்வரை மறைத்து வைக்கும் தாய்மார் நம் லயங்களிலும் கிராமங்களிலும் இருக்கிறார்கள். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து, மனம்விட்டுப் பேச ஒரு பெண் வைத்தியர் வரமாட்டாரா என்று அவர்கள் காத்திருக்கிறார்கள். பரீட்சைப் புள்ளிகள் உங்களை மருத்துவ பீடத்தில் சேர்க்கும். அதன் பிறகு யாருக்காக வைத்தியராவது என்பதை இப்போதே யோசித்துப் படியுங்கள்.