எருதோட்டிய வழக்கறிஞர் ஜோசப் முல்லர்

யூபிலி மலர் என்றாலே புனிதர்களின் வரலாற்றைத்தான் நம் பங்கு மக்கள் எதிர்பார்ப்பார்கள். இம்முறை நாம் எடுத்துக்கொண்டவரோ பீடத்தில் ஏற்றப்பட்டவர் அல்லர். போர்முனை கண்டவர், பின்னர் வழக்கறிஞரானவர், இல்லறத்தார். பொதுநிலையினர் ஒருவர் தம் தொழிலிலேயே நின்று மனச்சாட்சிக்குப் பிரமாணிக்கமாய் இருப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

ஜெர்மனியின் பவேரியா நாட்டில் ஸ்டைன்வீசன் என்னும் சிற்றூரில், 1898 மார்ச் 27 அன்று, எளிய கத்தோலிக்க உழவர் குடும்பத்தில் ஜோசப் முல்லர் பிறந்தார். சிறுவயதில் எருது வண்டி ஓட்டியதால் 'எருதுக்காரச் சூசை' என்ற பொருளில் அவருக்கு ஏற்பட்ட பட்டப்பெயர், அவர் அமைச்சரான பின்பும் மாறவில்லை. முதல் உலகப் போரில் மேற்குப் போர்முனையில் பணியாற்றித் திரும்பிய அவர், மியூனிக் நகரில் சட்டமும் பொருளாதாரமும் பயின்று, 1925-இல் முனைவர் பட்டம் பெற்று, 1927 முதல் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார்.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். துறவற மடங்களும் திருச்சபை நிறுவனங்களும் நெருக்கப்பட்டபோது, முல்லர் அவற்றுக்குச் சட்டத் துணையாக நின்றார். 1934-இல் காவல் துறையினர் அவரைப் பிடித்து விசாரித்தனர். விடுதலையான பின்னும் அவர் அப்பணியைக் கைவிடவில்லை. அப்பணியே அவருக்கு உரோமையின் வாசலைத் திறந்தது.

1939-இல் மறுபடியும் போர் மூண்டது. இராணுவ உளவுத்துறையில் இருந்த ஓஸ்டர் என்னும் அதிகாரி முல்லரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். ஹிட்லரை அகற்றக் கருதிய அதிகாரிகளுள் அவர் ஒருவர். அவ்வாறு அகற்றினால், புதிய ஆட்சியோடு நியாயமான சமாதானத்திற்கு இங்கிலாந்து இணங்குமா என்று திருத்தந்தை வழியாக அறிய வேண்டும். இதுவே முல்லரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஆபத்தை அறிந்தே உடன்பட்டார். இயேசு சபைக் குரு லைபர் முல்லருக்கும் திருத்தந்தைக்கும் இடையே செய்தி கொண்டு சென்றார். திருத்தந்தை அதை வத்திக்கானில் இருந்த ஆங்கிலத் தூதருக்கு அறிவித்தார்.

ஆனால் படைத்தலைவர்கள் துணியவில்லை. 1940 மே மாதம், ஹாலந்து, பெல்ஜியம் நாடுகள் மீது தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கையையும் முல்லர் உரோமைக்குக் கொண்டுவந்தார். இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். முன்னாள் போர்வீரர் ஒருவர், தம் நாட்டுப் படையின் திட்டத்தை வெளியே சொல்வது துரோகமன்றோ? அதிகாரத்திற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றுதான் நாமும் மறைக்கல்வியில் கற்பிக்கிறோம். ஆயினும் குற்றமற்ற சிறு நாடுகளை விழுங்கச் சொல்லும் கட்டளை, மனிதன் கடவுளுக்குக் கொடுக்கவேண்டிய கீழ்ப்படிதலை அழிக்க முடியாது. முல்லர் அந்தச் சுமையைத் தம் தோளில் ஏற்றார். பயனோ கிடைக்கவில்லை, மே 10 அன்று தாக்குதல் நடந்தே விட்டது.

1943 ஏப்ரல் 5 அன்று முல்லர் கைதானார். 1944-இல் இராணுவ நீதிமன்றம் அவரைத் தேசத்துரோகக் குற்றத்திலிருந்து விடுவித்தும், சிறைக்கதவு திறக்கவில்லை. புக்கன்வால்டு, பிளாசன்பர்க் முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டார். 1945 ஏப்ரல் 9 அன்று பிளாசன்பர்க்கில் ஓஸ்டரும், லூத்தரன் சபைப் போதகர் போன்ஹோபரும் தூக்கிலிடப்பட்டனர். அதே முகாமில் சாவை எதிர்பார்த்துக் கிடந்த முல்லர் உயிர் பிழைத்தார். அடுத்த சில வாரங்களில் டாக்காவ் வழியாக ஆல்ப்ஸ் மலைப்பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே விடுதலை பெற்றார்.

பிழைத்தவர் ஓய்ந்திருக்கவில்லை. கத்தோலிக்கரும் பிற சபையினரும் ஒன்றாய் உழைக்கும் கட்சியைப் பவேரியாவில் நிறுவுவதில் முன்னின்றார். 1949 வரை அதன் முதல் தலைவராயிருந்தார். போதகர் போன்ஹோபரோடு ஒரே முகாமில் துன்புற்றவருக்கு அந்த ஒற்றுமையின் அருமை தெரியாதா? 1947 முதல் 1952 வரை நீதி அமைச்சராகவும் பணியாற்றினார். 1979 செப்டம்பர் 12 அன்று மியூனிக் நகரில் இறைவனடி சேர்ந்தார்.

அவர் எடுத்த பெருமுயற்சி தோற்றது. எனினும் அதை வீண் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. சீருடை அணிந்தவர்களும், கோர்ட்டுப் படியேறுகிறவர்களும், அலுவலகத்தில் கையெழுத்திடுகிறவர்களும் நம் பங்கில் உண்டு. ஞாயிறு திருப்பலியில் நாம் வாயால் அறிக்கையிடும் விசுவாசத்திற்குத் திங்கட்கிழமை நம் மேசையில்தான் சோதனை வருகிறது. அந்த நேரத்தில் எருதுக்காரச் சூசையை நினைத்துக்கொள்வோமாக.