ஜன்னலைத் திறக்க வைத்த கணக்கு: இந்தியாவின் ராணுவக் குடியிருப்புகளில் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் கண்டது என்ன?

ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல்னு சொன்னதும் உங்களுக்கு எது ஞாபகம் வருது? பெரும்பாலும் பள்ளிப் பாடத்தில் படித்த 'கைவிளக்கு ஏந்திய காரிகை'தான். அவருடைய பிறந்தநாளான மே 12, சர்வதேச செவிலியர் தினம் என்பதும் தெரிந்திருக்கும். ஆனால் அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி விளக்கோடு கழியவில்லை, அட்டவணைகளோடு கழிந்தது. ஓர் அறைக்குள் இருக்கும் காற்று அரசாங்கத்தின் பொறுப்பா என்ற கேள்விக்கு எண்களை வைத்து 'ஆம்' என்று வாதாடியவர் அவர். அந்தக் கணக்கில் பெரிய பகுதி இந்தியாவைப் பற்றியது.

யார் இவர்?

1820-ல் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில், வசதியான ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். சின்ன வயசுலயே கணக்கில் ஈடுபாடு அதிகம். செவிலியராகப் போறேன்னு சொன்னதும் வீட்டில் கடும் எதிர்ப்பு. அந்தக் காலத்து பிரிட்டனில் அது மரியாதையான வேலையாகக் கருதப்படவில்லை. ஆனாலும் விடவில்லை. 1851-ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி பெற்றார். 1853-ல் லண்டனில் ஒரு சிறிய மருத்துவமனையின் கண்காணிப்பாளர் ஆனார்.

போர் மருத்துவமனையில் நடந்தது என்ன?

கிரீமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 பெண்களுடன் இஸ்தான்புல்லுக்கு எதிரே உள்ள ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். கட்டடத்துக்குக் கீழே அடைபட்ட சாக்கடை. உள்ளே நெருக்கியடித்துப் படுத்திருந்த நோயாளிகள். வெளியே போக வழியில்லாத காற்று. 1855 பிப்ரவரியில், அங்கே சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது காயம் இல்லை, நோய்.

மார்ச்சில் பிரிட்டன் அரசு ஒரு சுகாதாரக் குழுவை அனுப்பியது. சாக்கடையைச் சுத்தம் செய்தார்கள், குடிநீரைச் சரிசெய்தார்கள், வார்டுகளுக்குக் காற்று வர வழி செய்தார்கள். ஜூன் வாக்கில் இறப்பு 100-க்கு 2 என்ற அளவுக்கு இறங்கியது.

பிறகுதான் கணக்கு தொடங்கியது

1856-ல் நாடு திரும்பியதும், புள்ளியியலாளர் வில்லியம் ஃபாருடன் சேர்ந்து இந்த எண்களை அலசினார். அடுத்து இன்னொரு அதிர்ச்சி. போரே இல்லாத காலத்திலும், இங்கிலாந்தின் பாசறைகளில் இருந்த இளம் வீரர்கள், அதே வயதுள்ள பொதுமக்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் செத்துக்கொண்டிருந்தார்கள். உடல் தகுதி பார்த்துச் சேர்த்த ஆட்கள் இவங்க! காசநோய் உள்ளிட்ட நுரையீரல் நோய்கள் முக்கியக் காரணம். காற்றோட்டமில்லாத அறைகளில் நெருக்கமாகத் தூங்கியதே அதற்குக் காரணம் என்று அவர் வாதிட்டார்.

அட்டவணை என்றால் அமைச்சர்கள் படிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் வண்ண வரைபடமாகப் போட்டுக் கொடுத்தார். பாசறைகளை ஆய்வு செய்ய அரசு குழு அமைத்தது. ஒரு வீரருக்குக் குறைந்தது 600 கன அடி இடம் என்பது அளவுகோலானது. கணக்கு போட்டுப் பாருங்க: 10 அடி உயர அறையில், 6 அடிக்கு 10 அடி இடம். அதுகூட பல பாசறைகளில் இல்லை.

இந்தியா எப்படி வந்தது?

1859-ல், இந்தியாவில் இருந்த ராணுவத்தின் சுகாதார நிலையை ஆராய ராயல் கமிஷன் அமைக்கப்பட்டது. அதற்குப் பின்னால் இருந்து உழைத்தவர் நைட்டிங்கேல். உடல்நலம் குன்றி, பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்தவர், இந்தியாவின் ராணுவ முகாம்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி பதில்களைத் தொகுத்தார். இந்தியாவுக்கு அவர் ஒருமுறைகூட வந்ததில்லை.

1863-ல் அறிக்கை வந்தது. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் வீரர்களில் ஆண்டுக்கு 1,000-க்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். கெட்ட தண்ணீர், மோசமான வடிகால், நெரிசல், காற்றோட்டமின்மை ஆகியவை அவர் சுட்டிய காரணங்கள். 1864-ல் வங்காளம், மெட்ராஸ், பம்பாய் மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. சுமார் 10 ஆண்டுகள் கழித்து மறுபடியும் எண்ணிப் பார்த்தபோது, அந்த 69 என்பது 18 ஆகியிருந்தது.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்கணும். ஒன்று, தண்ணீர், வடிகால், காற்று எல்லாம் சேர்ந்தே மாறின. காற்றால் மட்டும் எத்தனை உயிர் பிழைத்தது என்று இந்த எண்ணிலிருந்து பிரிக்க முடியாது. இரண்டு, இது பிரிட்டிஷ் வீரர்களின் கணக்கு. பாசறைச் சுவருக்கு வெளியே இருந்த இந்திய மக்களுக்கு அதே அக்கறையும் பணமும் கிடைக்கவில்லை. ஊரைச் சுத்தம் செய்யாமல் பாசறையை மட்டும் காப்பாற்ற முடியாது என்று அவர் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

அவர் நம்பியது சரியா?

முழுக்கச் சரி இல்லை. அழுகலிலிருந்து எழும் கெட்ட காற்றே நோய் என்ற பழைய கொள்கையை அவர் நம்பினார். கிருமிக் கொள்கையை ஏற்க நீண்ட காலம் எடுத்துக்கொண்டார். ஆனால் எதிரெதிர் ஜன்னல், கட்டிலுக்குக் கட்டில் இடைவெளி என்ற அவருடைய வார்டு வடிவமைப்பு, காற்றில் பரவும் காசநோய்க்கு எதிராக இன்றைக்கும் பொருந்துகிறது. 1910 ஆகஸ்ட் 13-ல், 90 வயதில் இறந்தார்.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

2019-ல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டம் நகரங்களின் வெளிக்காற்றைக் குறிவைக்கிறது. அந்த எண்ணை உங்கள் செல்போனிலேயே பார்க்கலாம். உங்கள் குழந்தையின் வகுப்பறைக்கு அப்படி ஓர் எண் இருக்கா? 2016-ல் தொடங்கிய பிரதமரின் உஜ்வலா திட்டம், விறகுப் புகையிலிருந்து பெண்களைக் காக்க எரிவாயு இணைப்பு தருகிறது. ஆனால் செய்திகளில் நாம் அதிகம் பார்ப்பது எத்தனை இணைப்பு என்பதைத்தான்; சமையலறையில் புகை எவ்வளவு குறைந்தது என்பதை இல்லை.

நைட்டிங்கேல் கேட்டிருந்தால் மூன்று கேள்விகள் கேட்டிருப்பார். உள்ளே எத்தனை பேர்? அவர்களுக்கு எவ்வளவு காற்று? மாற்றம் செய்த பிறகு மறுபடி எண்ணினீர்களா? அடுத்த முறை பள்ளிக்கூடத்தின் பெற்றோர் கூட்டத்துக்கோ, அரசு மருத்துவமனைக்கோ போகும்போது முதல் இரண்டையாவது நீங்களே கேட்டுப் பாருங்க. மூன்றாவதுக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு.