எண்களால் விண்மீனை அளந்தவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

எண்ணுதல் நம் மாவட்டத்திற்குப் புதிதன்று. பெட்டிக்கு 50 குச்சி, பண்டலுக்கு 600 பெட்டி என்றால், பண்டலில் 30,000 குச்சி என்று பள்ளி வாசலை மிதியாத சிவகாசித் தாய்மாரும் நொடியில் சொல்லிவிடுவர். கோடி வரை நம் நாவுக்குப் பழக்கம். ஆனால் கோடியைக் கடந்த பேரெண்களும், முந்திரிக்கும் கீழான நுண்ணெண்களும் அறிவியலில் அன்றாட வழக்கு. அவ்விரண்டையும் ஒரே கணக்கில் இணைத்துக் காட்டிய தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

அவர் 1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்தார். தாயார் சீதாலட்சுமி, இப்சனின் நாடகத்தைத் தமிழில் பெயர்த்தவர். சர் சி. வி. இராமன் இவருக்குச் சிற்றப்பா. சந்திரசேகர் பயின்ற சென்னை மாநிலக் கல்லூரி, நம் கல்லூரியைப் போல் ஓர் அரசுக் கல்லூரியே. அரசின் உதவித்தொகை பெற்று, 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறியபோது அவருக்கு வயது 19.

எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி 'வெள்ளைக் குள்ளன்' ஆகும். சூரியனின் நிறை பூமியளவு உருண்டைக்குள் அடங்கிவிடும். அப்பொருளை நம் தீப்பெட்டி ஒன்றில் அடைத்தால் பல டன் எடை இருக்கும்! அதற்குமேல் சுருங்காமல் அதைத் தாங்குவது எலக்ட்ரான்களின் அழுத்தமே. இங்கேதான் பேரெண்ணும் நுண்ணெண்ணும் சந்திக்கின்றன. சூரியனின் நிறையைக் கிலோகிராமில் எழுத, 2 எழுதி 30 சுழிகள் இட வேண்டும். எலக்ட்ரானின் நிறைக்கோ, புள்ளி வைத்து 30 சுழிகள் இட்ட பிறகே 9 வரும்.

இத்தனை சுழிகளை யார் எண்ணிக்கொண்டிருப்பது? அதற்காகவே முன்னொட்டுகள் வகுக்கப்பட்டன. மெகா என்பது பத்து லட்சம். கிகா நூறு கோடி. நானோ நூறு கோடியில் ஒரு பங்கு. 2022 இல் குவெட்டா, குவெக்டோ என்பனவும் சேர்க்கப்பட்டன. குவெட்டா 1-க்குப் பின் 30 சுழிகள். குவெக்டோ அதன் தலைகீழ். இவ்வழக்கில் சூரியனின் நிறை ஏறத்தாழ 2,000 குவெட்டாகிராம். எலக்ட்ரானின் நிறை 911 குவெக்டோகிராம்.

ஒளியின் வேகத்தை எலக்ட்ரான்கள் நெருங்கும்போது அழுத்தம் போதாது என்பதைக் கப்பலிலேயே கணக்கிட்டார் அந்த இளைஞர். ஒரு வரம்புக்கு மேற்பட்ட நிறையுள்ள விண்மீன் வெள்ளைக் குள்ளனாக நிலைக்க முடியாது. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்று இன்று வழங்கும் 'சந்திரசேகர் வரம்பு' அதுவே. விண்மீனின் விதியை அணுவின் நுண்ணளவுகளே எழுதுகின்றன. என்னே இயற்கையின் விந்தை!

ஆயினும் உலகம் உடனே ஏற்கவில்லை. 1935 ஜனவரி 11 அன்று இலண்டன் அரச வானியல் கழகக் கூட்டத்தில், புகழ்பெற்ற எடிங்டன் அம்முடிவை எள்ளி நகையாடினார். அவரை வெளிப்படையாக மறுத்துப் பேச மூத்த அறிஞர் எவரும் முன்வரவில்லை. சந்திரசேகர் சண்டையிடவில்லை, கணக்கையும் கைவிடவில்லை. 1937 இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1939 இல் விண்மீன்களின் அமைப்பு குறித்துத் தம் நூலை வெளியிட்டார். பின்னர் வேறு துறைகளில் உழைத்தார். 1983 இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது. 1995 ஆகஸ்ட் 21 அன்று மறைந்தார். 1999 இல் விண்ணேறிய 'சந்திரா' எக்ஸ்-கதிர் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நாம்தான். பெரிய எண்ணைக் கண்டோ, பெரிய பெயரைக் கண்டோ நாம் மலைக்க வேண்டுவதில்லை. சொல்பவர் எவராயினும் கணக்கு கணக்கே. பொறுமையோடு சரிபார்ப்பவன் பக்கம் காலம் ஒருநாள் வந்து நிற்கும்.