குடில் தந்த ஏழை மனிதர்

திருவருகைக் காலம் தொடங்கியதும் தவளக்குப்பத்தில் நம் வீடுகளில் குடில் வேலையும் தொடங்கிவிடுகிறது. சவுக்குக் கழி நட்டு, தென்னங்கீற்று வேய்ந்து, வைக்கோல் பரப்பி, தட்டில் கேழ்வரகு முளைக்கப் போடுகிறோம். மழைக்குப் பயந்து மேலே ஒரு தார்ப்பாயும் போர்த்துகிறோம். தெருவில் போகிற எல்லாரும் பார்க்கும்படி வாசலிலேயே குடிலை வைக்கிறோம். இந்த அழகிய வழக்கம் பரவக் காரணமாயிருந்த புனித பிரான்சிஸ் அசிசியாரின் வாழ்வைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

இத்தாலியின் அசிசி நகரில், ஏறத்தாழ 1182ஆம் ஆண்டு, செல்வமிக்க துணி வணிகரின் மகனாகப் பிறந்தார் பிரான்சிஸ். நல்ல உடையும் நண்பர்களும் விருந்துமாக இளமை கழிந்தது. வீரனாகப் புகழ்பெற விரும்பி 1202இல் அண்டை நகரான பெரூஜியாவுக்கு எதிரான போருக்குச் சென்றார். ஆனால் பிடிபட்டு, ஏறக்குறைய ஓர் ஆண்டு சிறையில் வாடினார். அதன்பின் வந்த நோய் அவரைச் சிந்திக்க வைத்தது. தொழுநோயாளர்களைக் கண்டாலே விலகி ஓடியவர், அவர்களிடம் சென்று பணிவிடை செய்தார். 1206இல் ஆயர் முன்னிலையில் தம் உடைகளைக்கூடக் களைந்து தந்தையிடம் கொடுத்துவிட்டு, ஏழ்மையைத் தழுவிக்கொண்டார். அவரைப் பின்பற்றிச் சகோதரர்கள் பலர் சேர்ந்தனர். 1209இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் அவர்களது வாழ்க்கை முறைக்கு வாய்மொழியாக ஒப்புதல் அளித்தார். 1223 நவம்பர் 29 அன்று திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ் சபையின் ஒழுங்குகளை எழுத்தில் உறுதிசெய்தார்.

அதே ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் கிரேச்சோ என்னும் மலை ஊரைத் தேர்ந்துகொண்டார் பிரான்சிஸ். அப்போது அவர் உடல் நலிந்திருந்தது, கண்நோயும் வாட்டியது. விழாவுக்கு இரண்டு வாரங்களுக்கு முன், அவ்வூரில் வாழ்ந்த ஜொவான்னி என்ற நண்பரிடம் ஒரு தீவனத் தொட்டியும் வைக்கோலும், ஒரு மாடும் கழுதையும் ஏற்பாடு செய்யச் சொன்னார். பெத்லகேமில் பிறந்த பாலன் எவ்வளவு இல்லாமையில் கிடந்தார் என்பதை இந்தக் கண்களாலேயே பார்க்க வேண்டும் என்பதே அவரது ஆசை.

அந்த இரவில் சுற்றுப்புற மக்கள் மெழுகுதிரிகளும் பந்தங்களும் ஏந்தி வந்தனர். காடே ஒளிர்ந்தது. அங்கே சுரூபங்கள் வைக்கப்பட்டதாகக் குறிப்பில்லை. தீவனத் தொட்டியின்மேல் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. திருத்தொண்டரான பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி, மறையுரை ஆற்றினார். வெறுமையாயிருந்த தொட்டியில் ஒரு குழந்தை உறங்குவதையும், பிரான்சிஸ் அருகே சென்று அதை எழுப்புவதையும் அங்கிருந்த ஒருவர் காட்சியாகக் கண்டார் என்று, புனிதரின் முதல் வரலாற்றை எழுதிய செலானோ தோமா குறிப்பிடுகிறார். மக்களின் உள்ளங்களில் மறக்கப்பட்டுக் கிடந்த இயேசு அன்று மீண்டும் கண்விழித்தார் என்பதே அவர் அதற்குத் தரும் பொருள்.

1224இல் லவேர்னா மலையில் ஐந்து காயங்களைப் பெற்ற பிரான்சிஸ், 1226 அக்டோபர் 3 அன்று இறைவனில் துயில்கொண்டார். இரண்டே ஆண்டுகளில் புனிதராக அறிவிக்கப்பட்டார். 2019 டிசம்பர் 1 அன்று, மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் கிரேச்சோவுக்கே சென்று, குடிலைப் பற்றிய திருத்தூது மடலில் கையெழுத்திட்டார்.

அன்பார்ந்தவர்களே, 2011 டிசம்பர் 30 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவின் எட்டு நாள்களுக்குள்ளேயே, தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. கீற்றுக் கூரை பறிபோவது என்னவென்று நம் பகுதி மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே கீற்றைத்தான் நாம் குடிலுக்கும் வேய்கிறோம். அப்படியிருக்க, பக்கத்துத் தெருக் குடிலைவிட நம் குடில் பெரிதா, விளக்குகள் அதிகமா, பரிசு கிடைக்குமா என்பதே நம் கவலையானால், பாலன் நம் நடுவே உறங்கிக்கொண்டுதான் இருப்பார்.

கிறிஸ்து பிறப்பு நாளில் ஏழைகள் வயிறார உண்ண வேண்டும், மாடுகளுக்கும் கூடுதல் தீவனம் கிடைக்க வேண்டும், பறவைகளுக்கு வழியெங்கும் தானியம் தூவ வேண்டும் என விரும்பியவர் பிரான்சிஸ். இவ்வாண்டு நம் குடிலில் ஒரு வரிசை விளக்கைக் குறைப்போம். அந்தப் பணத்தில் மழைக்கு ஒழுகும் ஒரு கூரையைச் சரிசெய்வோம். குடிலைப் பார்க்க வருகிற அயலார் எந்தச் சமயத்தவரானாலும் அன்போடு உள்ளே அழைப்போம். அப்போது பாலன் இயேசு நம் தெருவிலும் கண்விழிப்பார்.